கன்றிச் சிவந்த கன்னம்

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் எல்லோரும் யாரையாவது அடித்துக்கொண்டிருந்தார்கள். நம் வயதுக்காரர்களுக்கு அந்தத் தண்ணீர்ப் பஞ்சம் மறந்திருக்காது. அடிபம்பின் கைப்பிடியை ராட்சசன் மாதிரி ஏறி இறங்கி அடித்தால், இருமுவதுபோல ஒரு சத்தம் வரும். தண்ணீர் வராது. வரிசையில் குடம் முன்னே நகர்ந்துவிட்டது என்று பெண்கள் ஒருத்தி கொண்டையை ஒருத்தி பிடித்து இழுத்ததை நான் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பித்தளைக் குடத்தால் மண்டையில் அடித்து, அடிபட்ட அம்மாளின் ஜாக்கெட் முதுகெல்லாம் ரத்தம். அடித்தவளே அவளை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது இரண்டு பேர் குடங்களும் வரிசையில் இல்லை. யாரோ தூக்கிப் போட்டிருந்தார்கள்.

அபிராமபுரத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில், முதல் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்போதெல்லாம் 'ஃப்ளாட்ஸ்' என்று சொல்வதில் ஒரு பெருமை இருந்தது. குழாயைத் திருகினால் காற்று வரும் காலத்திலும் அந்தப் பெருமை குறையவில்லை. எங்கள் கட்டடத்துப் பெண்கள் அடிபம்பு வரிசையில் நிற்கவில்லை. அதற்குக் காரணம் மேல் வீட்டு அங்கிள்.

அவர் எங்களுக்கு நேர் மேலே இருந்தார். கட்டடத்துக்குச் செக்ரட்டரி. தண்ணீர் லாரி எங்கள் வாசலில் வந்து நிற்கிறது என்றால் அது அவர் காலையில் போய் நின்று, யாரையோ பிடித்து, பேசி, வரவழைத்த லாரி. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சின்னதாகச் சந்தனம், சட்டைப் பையில் இரண்டு பேனா. லாரி வந்ததும் குழாயின் வாயைத் தானே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் குடத்தைப் பார்த்துப் பார்த்து நிரப்புவார். யாருக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. எதிர் வீட்டு மாமி, "இவர் மட்டும் இல்லேன்னா நம்மாத்துல எல்லாரும் விக்கிண்டு சாக வேண்டியதுதான்" என்பார். பிரசவ வலி வந்த வாட்ச்மேன் மனைவியைத் தன் ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவரும் அவர்தான்.

அவர் வீட்டில் சாயங்காலங்களில் சத்தம் கேட்கும். முதலில் எவர்சில்வர் தட்டு ஒன்று தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அடங்கும். பிறகு நாற்காலி இழுபடும். பிறகு தொப், தொப்பென்று, ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல. அழுகை கேட்காது. அதுதான் எனக்கு விசித்திரமாக இருக்கும். என்னை அம்மா ஒரு அடி அடித்தால் நான் தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்துவேன். மேலே அந்த ஆன்ட்டியும் சரி, அவர்கள் பெண்ணும் சரி, ஒரு சின்ன முனகல்கூட விட மாட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா மிக்ஸியைப் போடுவாள். அரைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் போடுவாள். அப்பா தூர்தர்ஷனில் விவசாய நிகழ்ச்சியைச் சத்தமாக வைத்துக் கவனமாகப் பார்ப்பார். எங்களுக்கு ஒரு செடிகூடக் கிடையாது.

"போய்க் கேட்டா என்ன?" என்று அம்மா ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்.

"அவங்க வீட்டு விஷயம். நாம போனா நல்லாவா இருக்கும்?" என்றார் அப்பா. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு லாரி வருதாம்" என்றார்.

அந்த வீட்டுப் பெண் என் சிநேகிதி. இருவரும் ஏழாம் வகுப்பு முடித்த விடுமுறை அது.

அந்த விடுமுறையில்தான் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தி எனக்கு அந்தப் பேனாப் பெட்டியைக் கொடுத்தாள். நமக்கெல்லாம் அதுவரை தெரிந்தது ஸ்கெட்ச் பேனாதான். பிளாஸ்டிக் உறையில் பன்னிரண்டு இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு தடவை தேய்த்தால் காகிதம் உருண்டு திரண்டு ஓட்டையாகும். மஞ்சளின் நுனியில் எப்போதும் கறுப்பு ஒட்டியிருக்கும். சித்தி கொடுத்தவை வேறு ஜாதி. தடிமனாக, கட்டை விரல் பருமன். இரண்டு பக்கமும் மூடி. ஒரு பக்கம் உளி மாதிரி பட்டையான நுனி, மறுபக்கம் மெல்லிய நுனி. மூடியைத் திறந்தால் ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டர் கையில் தேய்க்கும் ஸ்பிரிட் வாசனை. அந்த வாசனைக்கு என் உடம்பு முதலில் பயந்தது. பிறகு அதற்காகவே திறந்து திறந்து முகர்ந்தேன்.

பெட்டியில் ஒரு பேனாவில் மையே வரவில்லை. காகிதத்தில் ஈரம் பட்டு மறைந்துவிட்டது, அவ்வளவுதான். அப்பா அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தீர்ந்துபோனதைச் சேர்த்துப் பெட்டியை நிரப்பியிருக்கான். ஃபாரின் பொருள்னா இவ்வளவுதான்" என்று குப்பையில் போடப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தப் பேனாக்களை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர யாரும் இல்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் எல்லாம் ஜப்பான் எழுத்து. நாங்கள் மொட்டை மாடியில், காலியாகக் கிடந்த தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொள்வோம். சாதாரணக் காகிதத்தில் மை ஊறிப் பூரான் கால் மாதிரி பக்கவாட்டில் ஓடியது. நோட்டுப் புத்தகத்தில் போட்டால் நாலு பக்கம் தாண்டித் தெரிந்தது. கடைசியில் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம்தான் சரிப்பட்டது. வழவழப்பான அட்டை. மை அதன் மேலேயே கொஞ்ச நேரம் ஈரமாக நின்றது.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் அவள். நான் ஒரு ஆப்பிளுக்குச் சிவப்பு அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு பக்கத்தில் மஞ்சள் அடிப்பேன். இரண்டுக்கும் நடுவே வேலி கட்டினதுபோல ஒரு கோடு விழும். அவள் முதலில் மஞ்சளை முழுக்கப் பூசினாள். அது ஈரமாக இருக்கும்போதே ஓரத்தில் சிவப்பை வைத்தாள். உடனே மறுபடி மஞ்சளை எடுத்து, இரண்டும் சேருமிடத்தில் சின்னச் சின்னதாக வட்டம் போட்டுத் தேய்த்தாள். கோடு கரைந்து போயிற்று. எங்கே மஞ்சள் முடிகிறது, எங்கே சிவப்பு ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

"காயறதுக்குள்ள போடணும் டீ. நீ யோசிச்சுக்கிட்டே உக்கார்ந்திருக்க" என்றாள்.

மை இல்லாத பேனாவின் ரகசியத்தையும் அவள்தான் பிடித்தாள். அதற்கு நிறமில்லை, ஆனால் மற்ற நிறங்களைத் தள்ளுகிற வேலை தெரியும். கருஞ்சிவப்பின் விளிம்பில் அதை வைத்து வெளிப்பக்கமாக இழுத்தால், நிறம் பயந்துகொண்டு விலகுவதுபோல மெலிந்து மெலிந்து அட்டையின் வெள்ளையில் கலந்துவிடும். அப்பாவிடம் ஓடிப் போய்க் காட்டினேன். "ம், பரவாயில்லையே" என்றார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒருநாள் அவள் கத்தரிக்காய் வரைந்தாள். ஊதாவின் ஓரத்தில் பச்சையும், பச்சையைச் சுற்றி அழுக்கு மஞ்சளும் கலந்து வைத்தாள். நான் சிரித்தேன். "எந்தக் கத்தரிக்காய்ல டீ இந்தக் கலர் இருக்கு?"

அவள் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே, உள்பக்கத்தில் அந்த ஊதா இருந்தது. அதைச் சுற்றிப் பச்சை. அதையும் சுற்றி மஞ்சள். எங்கும் கோடே இல்லாமல் ஒன்றில் ஒன்று கலந்திருந்தது.

"முதல் நாள் சிவப்பா இருக்கும். ரெண்டு நாள் கழிச்சு ஊதா. அப்புறம்தான் பச்சை வரும். மஞ்சள் வந்துட்டா சரியாயிடுச்சுன்னு அர்த்தம்" என்றாள். வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டு, கத்தரிக்காயின் காம்புக்கு நிழல் போட ஆரம்பித்தாள்.

அதற்கடுத்த வாரம் என்று நினைக்கிறேன். நாங்கள் இருவரும் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது கை, முகம், பாவாடை எல்லாம் மை. அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடிக்கவே தண்ணி இல்லாத நேரத்துல உடம்பு பூரா வர்ணம் பூசிக்கிட்டு வந்து நிக்குதுங்க பாரு." இருவரையும் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அரை வாளித் தண்ணீர். சோப்பு. பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நார். எனக்கு இரண்டு தேய் தேய்த்துத் தள்ளிவிட்டு என் சிநேகிதியின் கையைப் பிடித்தாள். சட்டைக் கையை மேலேற்றினாள். "இங்க பாரு, அக்குள் வரைக்கும்!" என்று நாரால் அழுத்தித் தேய்த்தாள். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அம்மா இன்னும் கொஞ்சம் சோப்பு போட்டாள். இன்னும் அழுத்தினாள். "என்ன எழவு மை இது, போகவே மாட்டேங்குது."

நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த விதத்தில், சொல்லாதே என்று இருந்தது.

அம்மாவின் கை தானாக நின்றது. நாரைக் கீழே போட்டாள். விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல.

"இது என்னம்மா?"

"படியில விழுந்துட்டேன் ஆன்ட்டி."

அம்மா எழுந்தாள். தேங்காய் எண்ணெய் கொண்டு வந்து நிறையத் தடவினாள். அவளுக்கு மட்டும் நெய் விட்டு இரண்டு தோசை வார்த்துப் போட்டாள். சாயங்காலம் அப்பாவோடு சமையலறையில் குசுகுசுவென்று பேசினாள். அப்பாவின் குரலில் 'லாரி' என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது.

மே மாதக் கடைசியில், ஒருநாள் அவள் நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் பேனாக்களில் சிலதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். மேஜை மேல் இஸ்திரி போட்டு மடித்து வைத்த வெள்ளைச் சட்டை இருந்ததை அவள் கவனிக்கவில்லை. அதன் மேல் அட்டையை வைத்து வரைந்திருக்கிறாள். அது கல்யாணப் பத்திரிகையாக இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். மெல்லிய அட்டை. சிவப்பு ஊறி இறங்கிச் சட்டையின் மார்பில் நின்றுவிட்டது.

அன்று நான் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அப்பளம் தின்றுகொண்டிருந்தேன். மேலே வழக்கமான ஈரத்துணிச் சத்தம் இல்லை. வேறு சத்தம். மரத்தில் மரம் மோதுகிற மாதிரி, சீராக, இடைவெளி விட்டு விட்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அங்கிளின் குரல்: "இந்தக் கைதானே?" டக். "இந்தக் கைதானே?" டக். அன்று முதல் தடவையாக அவள் கத்தினாள். அம்மா மிக்ஸியைப் போட எழுந்தாள். சுவிட்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். போடவில்லை. "நீங்க இப்ப மேல போகலேன்னா நான் போறேன்" என்றாள் அப்பாவிடம்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பித்தானைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு போனதை இப்போதும் பார்க்கிறேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இருந்தது.

"மாடிப்படியில விழுந்து கையில அடியாம். மஞ்சப் பத்து போட்டுக்கிட்டு இருந்தாங்க. காபி குடிச்சுட்டுத்தான் போகணும்னு ஒரே பிடிவாதம். நல்ல மனுஷன். நாமதான் ஏதேதோ நினைச்சுக்கறோம்."

அம்மா அவரைப் பார்த்த பார்வையை இன்றுவரை என்னால் விவரிக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அவள் மொட்டை மாடிக்கு வந்தாள். வலது கையில் துணிக் கட்டு. வெளியே தெரிந்த விரல்கள் வாழைப்பூ மடல் மாதிரி வீங்கிப் பளபளத்தன. மோதிர விரல் மட்டும் தப்பான திசையில் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

"அழாத. உங்கப்பா வந்தார்" என்றாள். "என் கையைப் பார்த்தார். நல்லாவே பார்த்தார். அப்புறம் உக்கார்ந்து காபி குடிச்சார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இது உன் கையா இருந்தா குடிச்சிருப்பாரா?"

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை கேட்பதுபோலத்தான் கேட்டாள். எனக்கு விடை தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் பேனாப் பெட்டியை இடது கையால் திறந்தாள்.

"இன்னிக்கு லாரி வருது. எல்லாரும் கீழ இருப்பாங்க. முகத்தைக் காட்டு."

எனக்கு என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் முகத்தைக் காட்டினேன்.

இடது கை அவளுக்குப் பழக்கமில்லை. பேனா வழுக்கிக்கொண்டு போனது. ஆகவே பாதி வேலையை அவள் சொல்லச் சொல்ல, உடைந்த கண்ணாடித் துண்டில் பார்த்துக்கொண்டு நானே செய்தேன். முதலில் வெளிர் ரோஜா. கன்னம் முழுக்க இல்லை, காதோரம் தொடங்கி உதட்டுக்கு அருகே வரை. ஈரம் இருக்கும்போதே நாலு விரல் தடம், கருஞ்சிவப்பில். "நேரா கோடு போடாத. விரல் கன்னத்துல படும்போது நடுவுலதான் அழுத்தும். ரெண்டு பக்கமும் மங்கலா இருக்கும்." நிறமில்லாத பேனாவால் விளிம்புகளை வெளியே தள்ளினேன். தோல் எரிந்தது. ஸ்பிரிட் வாசனையில் கண்ணில் நீர் வந்தது. நான் பச்சையை எடுத்தேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"லூசு. இன்னிக்கு அடிச்சதுல பச்சை எப்படி டீ வரும்?"

எலும்பின் மேல் அடி பட்டால் அன்றைக்கே கொஞ்சம் ஊதா ஓடுமாம். அதனால் பச்சைக்குப் பதில் ஊதாவை மெல்லிய நுனியால், கன்ன எலும்பின் மேல் மட்டும் புள்ளி புள்ளியாக வைத்து, மறுபடி ரோஜாவால் தேய்க்கச் சொன்னாள். என் கையிலும் யாரோ பிடித்த மாதிரி ஒரு தடம். கட்டை விரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம். முடிந்ததும் பின்னால் நகர்ந்து பார்த்தாள். கண்ணாடியில் நான் பார்த்தேன். என் கன்னம் கன்றிச் சிவந்திருந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை. ஆனாலும் அதைப் பார்த்ததும் அடிபட்ட மாதிரியே கன்னத்தைப் பொத்திக்கொள்ள எனக்குக் கை போனது.

"நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றாள். "நான் பேசிக்கறேன்."

கீழே லாரி வந்து நின்றிருந்தது. வாசல் முழுக்கக் குடங்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு. அங்கிள் குழாய் வாயைப் பிடித்துக்கொண்டு யாருக்கோ நிரப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் படியிறங்கி வெயிலில் வந்து நின்றோம். முதலில் பார்த்தது எதிர் வீட்டு மாமி. "ஐயோ, கொழந்தை கன்னத்துல என்னது!" என்றார். அம்மா திரும்பினாள். கையிலிருந்த குடம் நழுவி உருண்டது.

"யார்டீ? யார் அடிச்சது உன்னை?"

நான் பேசவில்லை. என் சிநேகிதி கட்டுப் போட்ட கையைத் தூக்கி நேராகக் காட்டினாள்.

"எங்கப்பா. மாடிப்படியில வெச்சு."

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எறும்புப் பொடி போடக்கூட யோசிக்கிறவர். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் தான் 'சாரி' சொல்கிறவர். அந்த மனிதர் கையில் இருந்த குடத்தோடு ஓடினார். அது நிறைந்த குடம். அதைச் சுழற்றி அங்கிளின் தோளில் அடித்தார். பிளாஸ்டிக் வெடித்துத் தண்ணீர் மேலே எழும்பியது. அங்கிள் சறுக்கி விழுந்தார். அப்பா அவர் மேல் விழுந்தார். முகத்தில் குத்தினார். குத்தத் தெரியாமல், கட்டை விரலை உள்ளே மடித்துக்கொண்டு குத்தினார். அங்கிளின் மூக்கிலிருந்து ரத்தம் வந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. பிடியை இழந்த லாரிக் குழாய் பாம்பு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு எல்லோர் மேலும் பீய்ச்சியது.

"நான் தொடவே இல்லை! சத்தியமா அந்தப் பொண்ணைத் தொடவே இல்லை!" என்று அங்கிள் கத்தினார். அவர் சொன்னது உண்மை. ஒருத்தரும் நம்பவில்லை. அதுவரை வேடிக்கை பார்த்த கீழ் வீட்டு ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தர் அவர் தலைமுடியைப் பிடித்தார். ஒருத்தர் செருப்பைக் கழற்றினார். போன வாரம்வரை அவரிடம் கூடுதலாக ஒரு குடத்துக்குப் பல்லிளித்தவர்கள். என்ன வெறியோ, அத்தனை மாதமாகக் கேட்டும் கேட்காததுபோல இருந்த சத்தமெல்லாம் அவர்கள் கை வழியாக வெளியே வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

லாரி டிரைவர்தான் குழாயை அடைத்துவிட்டு உள்ளே புகுந்தார். "இன்னா சார் இது, ஆளக் கொன்னுடுவீங்க போல கீது! வுடு, வுடு சொல்றேன்." ஒவ்வொருவராகப் பிய்த்து எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்த மை தண்ணீருக்கு அசையாது. "இம்மாத்தூண்டு கொயந்தய எப்டி நைனா அடிக்க மன்சு வந்துச்சு உனுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவரே அங்கிளை ஒரு அறை அறைந்தார்.

அங்கிள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "காலைலேர்ந்து நான் வீட்டுலதான் இருந்தேன். ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தேன். லாரி ஹார்ன் கேட்டுத்தான் இறங்கினேன். வேணும்னா என் பொண்டாட்டியைக் கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். ஆன்ட்டி கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் காலிக் குடம். நாங்கள் அவரைச் சத்தமாகப் பேசிக் கேட்டதே இல்லை. கோலம் போடும்போது யாராவது பேசினால்கூடச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் முதலில் என் கன்னத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எந்தக் கன்றலும் அவருக்குத் தெரியாததில்லை. பிறகு தன் பெண்ணின் இடது கை விரல்களில் இருந்த மையைப் பார்த்தார்.

"சொல்லுடி" என்றார் அங்கிள்.

"அடிச்சார்" என்றார் ஆன்ட்டி.

செருப்பைக் கழற்றியவர் அதைக் கீழே போட்டார்.

"நான் பார்த்தேன். இன்னிக்கும் அடிச்சார். முந்தாநாள் இவ விரலைக் கட்டையால ஒடைச்சார். போன மாசம் எனக்குக் காது போச்சு. இந்தப் பக்கம் இப்பக் கேக்கறதில்லை." இடது காதைத் தொட்டுக் காட்டினார். "உங்களுக்கெல்லாம் நல்லா கேக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அங்கிள் எழுந்து அவர் மேல் பாய்ந்தார். இந்தத் தடவை எல்லோர் கையும் குறுக்கே வந்தது. ஆன்ட்டி நகரவில்லை. குடத்தைக் கீழே வைத்தார். பெண்ணின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். மேலே போய் ஒரு துணிகூட எடுத்துக்கொள்ளவில்லை. மேற்கு மாம்பலத்தில் அவருடைய அக்கா இருந்தார். அங்கே எப்படிப் போவது என்று மாமியிடம் கேட்டார். மாமி அழுதுகொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

"மாம்பலந்தான? நான் அந்தப் பக்கமாத்தான் போய்க்கினு இருக்கேன். ஏறும்மா" என்றார் லாரி டிரைவர்.

அவர்கள் தண்ணீர் லாரியின் முன் சீட்டில் ஏறிப் போனார்கள். வழியெல்லாம் அது சொட்டிக்கொண்டே போயிற்று. அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நான் நின்றேன். பார்க்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா என்னை மடியில் கிடத்திக்கொண்டாள். தலைவலிக்குப் போடுவாளே, பேனாவைப்போலவே ஸ்பிரிட் வாசனை வரும் அந்த யூடிகோலனைக் கைக்குட்டையில் நனைத்துக் கன்னத்தில் ஒற்றினாள். ஒற்றி எடுத்துப் பார்த்தாள். கைக்குட்டை சிவந்திருந்தது. இன்னொரு முறை ஒற்றினாள். ஊதா வந்தது. என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு முதுகில் ஒரு அடி விழப்போகிறது என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அவள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனாள். அவர் கட்டை விரல் வீங்கிப் போய், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது மை" என்றாள்.

அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப, அவன் இவளை அடிக்கலையா?"

"இல்லை."

"ஐயோ."

"அந்தப் பொண்ணை அடிச்சான். அன்னிக்கு நான் நார் போட்டுத் தேய்ச்சேனே, அது மை இல்லை. உங்ககிட்ட வந்து சொன்னேன்."

அப்பா கைக்குட்டையை வாங்கி விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "அந்த விரலை நான் பார்த்தேன். பார்த்துட்டேதான் காபி குடிச்சேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்குன்னுகூடச் சொன்னேன்." கைக்குட்டையை நாலாக மடித்தார். "அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த மாதம் முழுக்க எங்கள் வாசலுக்கு லாரி வரவில்லை. அப்பா ஆபீஸ் போவதற்கு முன்னால் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு போய் அடிபம்பு வரிசையில் நின்றார். விஷயம் எப்படியோ கசிந்து, கட்டடத்தில் பாதிப்பேர் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். பொய் சொல்லி ஒரு நல்ல மனுஷனை அடித்துவிட்டோமாம். அங்கிள் மழைக்காலம் வருவதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ போனார். மாமி மட்டும் எங்கள் பக்கம் நின்றார். "பொய்யாவது மெய்யாவது, அவளுக்குக் காது போயிடுத்துன்னாளே, அது பொய்யா?" என்று படியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

அவளை மறுபடி நான் பார்த்தது இரண்டு மூன்று வருஷம் கழித்து, தி. நகரில், தீபாவளிக் கூட்டத்தில். துணிக்கடை வாசலில், ஜனங்கள் இடித்துத் தள்ளுகிற இடத்தில், யாரோ என் ஜடையைப் பிடித்து இழுத்தார்கள். அவள்தான். என்னைவிட உயரமாகியிருந்தாள். மோதிர விரல் கோணலாகவே நின்றுவிட்டது. அதைப் பார்த்தேனே தவிர, கேட்கவில்லை. பெரியம்மா வீட்டு மாடியில் ஒரு அறையில் இருக்கிறார்களாம். அவள் அம்மா ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடிக்கிறாராம்.

"முதல்ல கொஞ்ச நாள் தூக்கமே வரலை டீ. சாயங்காலம் ஆனா எப்ப ஆரம்பிக்கும்னு உக்கார்ந்திருப்போம், ரெண்டு பேரும். ஒண்ணும் ஆரம்பிக்காது. அது அதைவிட பயமா இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"உங்கம்மா எங்க?" என்று கேட்டேன்.

அவள் கடைக்குள் கை காட்டினாள். அங்கே ஒரு பெண்மணி கவுண்ட்டர் மேல் பாதி ஏறிய மாதிரி நின்றுகொண்டு, ஒரு புடவையைத் தூக்கிப் பிடித்து, சாயம் போகும் துணியைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று கடைக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அது ஆன்ட்டி என்று என்னால் நம்பவே முடியவில்லை. கடைக்காரர், "சரிம்மா, சரிம்மா, வேற காட்டறேன்" என்று கும்பிட்டார்.

"அம்மா, போதும் வா, எல்லாரும் பார்க்கறாங்க" என்று அவள் வாசலிலிருந்தே கூப்பிட்டாள்.

ஆன்ட்டி திரும்பக்கூட இல்லை. "இருடி" என்றார். "நான் இன்னும் பேசி முடிக்கலை."